கிணற்றுக் கழனி எழுபத்திரண்டு சென்ட்

திருவள்ளூர்
14 அக்டோபர் 2024

திருமதி ரோசம்மாள் அவர்களுக்கு,

என் பெயர் தமிழ்செல்வி. திருவள்ளூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பெரியபாளையத்தை அடுத்த ஆரணிக்குப் பக்கத்து ஊரில் நெல் விவசாயம் பார்த்த பச்சையப்பனின் ஒரே மகள். அப்பா போன மாதம் பத்தொன்பதாம் தேதி காலமானார்.

கருமாதி முடிந்த மறுநாள் வக்கீல் அன்புசெல்வன் வீட்டுக்கு வந்து உயிலைப் படித்தார். வீடும் மூன்று ஏக்கர் கழனியும் எனக்கு. அம்மா ஜானகியம்மாளுக்கு ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு இப்படி ஒரு பத்தி இருந்தது: “கிணற்றுக் கழனி எழுபத்திரண்டு சென்ட், கிணறு, மோட்டார் கொட்டகை உட்பட, பாக்கியநாதன் மகள் ரோசம்மாளுக்குச் சேர வேண்டியது. என் வாரிசுகள் யாரும் இதைத் தடுக்கக் கூடாது.”

காரணம் எழுதவில்லை. வக்கீலைக் கேட்டேன். “நானும் கேட்டேம்மா. ‘எழுதுப்பா’ன்னு மட்டும் சொன்னாரு. எழுதி முடிச்சதும் அந்த எடத்த ரெண்டு தபா படிக்கச் சொல்லிக் கேட்டாரு” என்றார்.

உங்கள் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். சித்தப்பா சந்திரமோகன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். உயிலோடு உங்கள் கும்மிடிப்பூண்டி விலாசமும் நம்பரும் இருந்தன. இப்போது ஊரில், அங்கே அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

வக்கீல் அனுப்பிய நோட்டீஸை வாங்க மறுத்திருக்கிறீர்கள். உங்கள் நம்பருக்கு நான்கு முறை போன் செய்தேன். ஒரு முறை எடுத்தீர்கள்; நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டா உங்கள் பெயருக்கு மாறக் கூடாது என்று தாசில்தார் ஆபீசில் ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்டால் கோர்ட்டுக்கும் போவேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் யார்? என் அப்பாவுக்கு நீங்கள் என்ன வேண்டும்?

இப்படிக்கு,
ப. தமிழ்செல்வி


கும்மிடிப்பூண்டி
22 அக்டோபர் 2024

தமிழ்செல்வி டீச்சருக்கு ரோசம்மாள் எழுதுவது.

போனை வைத்தது திமிரால் இல்லை. எனக்குக் காது கேட்காது. சிப்காட்டில் போல்ட் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டினேன். ஒரு காது முழுசாகப் போய்விட்டது. இன்னொன்றில் இரைச்சல்தான் கேட்கும். இப்போது அங்கேயே பேக்கிங்கில் இருக்கிறேன். வாட்ஸப் எல்லாம் என் மகள் ஏஞ்சலின் போனில்தான். அதில் அனுப்பினால் அவள் படித்துவிடுவாள். நான் எழுதப் போகிற விஷயத்தை அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. அதனால் நீங்களும் தபாலிலேயே எழுதுங்கள், கம்பெனி விலாசத்துக்கு. வக்கீல் கவர் என்றதும் பயந்துவிட்டேன். அதனால்தான் அதையும் வாங்கவில்லை.

முதலில் இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். நான் உங்கள் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை. எங்கள் அம்மா மேல் அப்படி ஒரு பேச்சை ஆண்டவர்கூட ஏற்க மாட்டார். உங்கள் அம்மா சாப்பிடட்டும்.

எங்கள் அப்பா பாக்கியநாதன் உங்கள் கழனியில் கூலி வேலை பார்த்தவர். உங்கள் அப்பாவை நாங்கள் ஆண்டை என்றுதான் கூப்பிடுவோம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. நடவு நாட்களில் உங்கள் அம்மா உங்களை என்னிடம் விட்டுவிட்டுக் கழனிக்குப் போவார்கள். நீங்கள் கொழுக் மொழுக்கென்று இருப்பீர்கள், எனக்கு இடுப்பு வலிக்கும்.

எனக்கு ஒரு அண்ணன். எபினேசர். இருபத்திரண்டு வயசு. எங்கள் தெருவிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். இரும்பு உருக்குகிற மில்லில் ஹெல்பர். வாரம் முழுக்க அங்கே இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவான். 1990 ஜூன் பத்தாம் தேதி, ஞாயிறு, மத்தியானம், அவனை உங்கள் கிணற்றிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து மோட்டார் கேபிளை வெட்ட வந்தான், கரெண்ட் அடித்து விழுந்துவிட்டான் என்று உங்கள் அப்பா போலீசில் சொன்னார். கிணற்றடியில் ஒரு கட்டிங் பிளேயர் கிடந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் அவனைப் போட்டு வைத்திருந்தார்கள். ஊரே வந்து பார்த்தது.

கேபிள் கதையை எங்கள் அம்மா நம்பவில்லை. “எம்புள்ள சம்பாரிக்கிறான், அவனுக்கு இன்னாத்துக்குத் திருட்டு?” என்று மண்ணை வாரித் தூற்றினாள். அப்போது போலீஸ்காரர் அண்ணனுடைய மூடின கையைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன வெள்ளிக் கொலுசு இருந்தது. “எங்க வீட்டுக் குழந்தையோடதுதான்” என்று உங்கள் அப்பா சொன்னார். அதைப் பார்த்ததும் அம்மாவின் வாய் அடைத்துப் போயிற்று. பெற்ற பிள்ளையின் கையிலிருந்து எடுத்ததை அவள் எப்படி இல்லை என்பாள்?

திருடன் வீடு என்று ஆன பிறகு அங்கே இருக்க முடியுமா? ஒரு மாதத்தில் ஊரை விட்டு வந்துவிட்டோம். அப்பா அதற்குப் பிறகு அண்ணன் பெயரைச் சொல்லவே இல்லை. 2003இல் இறந்தார். அம்மா இருக்கிறாள், எழுபத்தாறு வயசு. முப்பத்து நாலு வருஷமாக மகன் கல்லறைக்குப் போனதில்லை.

அந்தக் கிணற்றை நான் எதற்கு வாங்கப் போகிறேன்? உங்கள் மனுவை நீங்கள் நடத்துங்கள். எனக்கு வேண்டாம்.

ரோசம்மாள்


திருவள்ளூர்
28 அக்டோபர் 2024

ரோசம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வருந்துகிறேன். ஐந்து வயதிலேயே என்னைத் திருவள்ளூரில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்துவிட்டார்கள். லீவில் ஊருக்குப் போனாலும் கிணற்றுக் கழனிப் பக்கம் விட மாட்டார்கள்.

நீங்கள் வேண்டாம் என்பதால் வக்கீல் விடுதலைப் பத்திரம் தயார் செய்து கொடுத்திருக்கிறார். இதனுடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் குறி போட்ட இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பினால் இந்த விஷயம் இத்தோடு முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்னபடி அம்மாவிடம், “அது அப்பாவோட இன்னொரு குடும்பம் இல்லம்மா, பாக்கியநாதன்னு நம்மகிட்ட வேல செஞ்சவரு பொண்ணாம்” என்றேன். நிம்மதியாவார் என்று நினைத்தேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, “கையெழுத்து கேக்காத. அந்தக் கழனிய அதுங்களே வச்சிக்கட்டும்” என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திருடிய ஒருவனின் குடும்பத்துக்கு என் அப்பா ஏன் நிலம் எழுத வேண்டும்? இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

தமிழ்செல்வி


கும்மிடிப்பூண்டி
4 நவம்பர் 2024

டீச்சருக்கு,

பத்திரத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நவம்பர் இரண்டு எங்களுக்குக் கல்லறைத் திருநாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் அம்மாவுக்குத் தெரியாமல் ஊருக்குப் போய் அண்ணனுக்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் கல்லறை புல் பிடுங்கிச் சுத்தமாக இருக்கும். புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருக்கும். சர்ச்சில் எல்லாக் கல்லறைக்கும் செய்கிறார்கள் போல என்று இருந்துவிட்டேன். பக்கத்துக் கல்லறைகள் கறுத்துக் கிடந்ததை நான் யோசிக்கவே இல்லை பாருங்கள்.

இந்த வருஷம் போனால், அண்ணனுடையதும் கறுத்துக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குப் புல். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சாம்சனிடம் சீட்டில் எழுதிக் கேட்டேன். அவர் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார்: “பச்சையப்பன் ஐயாதான் வருஷா வருஷம் வந்து அடிப்பார். ஆளை வைத்துச் செய்ய மாட்டார். அவரேதான். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பார். இந்த வருஷம் அவர் இல்லையே.”

அன்று புல்லை நானே பிடுங்கிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம் முன்னால் கம்பெனி கேட்டில் ஒரு வயசானவர் எனக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. என்னவோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். யாரோ வழி தவறி வந்தவர் என்று நினைத்தேன். நீங்கள் கடிதம் போட்ட பிறகு யோசிக்கிறேன், அது ஆண்டையாக இருக்குமோ என்று.

தன் வீட்டில் திருட வந்தவன் கல்லறைக்கு ஒரு மனுஷன் முப்பது வருஷத்துக்கு மேல் சுண்ணாம்பு அடிப்பானா? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

கழனி வேண்டாம் என்றது அப்படியே இருக்கட்டும். ஆனால் காரணம் தெரியாமல் எங்கேயும் கையெழுத்து வைக்க மாட்டேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கேளுங்கள்.

ரோசம்மாள்


திருவள்ளூர்
24 நவம்பர் 2024

ரோசம்மாள் அக்கா,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருபது நாளாக எழுத முடியவில்லை. இன்று எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

நீங்கள் சொன்ன அந்தக் கொலுசிலிருந்து தொடங்குகிறேன். என் அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லை. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு நான் பிறந்தேன். கோயிலில் வைத்து என் காலில் கொலுசு போட்டதையும், ஐந்து வயது முடிந்து முடி இறக்கும் வரை அதைக் கழற்றக் கூடாது என்று வேண்டுதல் இருந்ததையும் அம்மா நூறு முறை சொல்லியிருக்கிறார். தட்டான் திருகாணியைக்கூட அடித்து இறுக்கிவிட்டாராம்.

போன ஞாயிறு ஊருக்குப் போகிற பஸ்ஸில் இதை நினைத்துக்கொண்டே போனேன். ஜூன் 1990இல் எனக்கு நாலு வயது. அப்படியானால் அந்தக் கொலுசு பெட்டியில் இல்லை, என் காலில்தான் இருந்திருக்க வேண்டும். காலில் இருந்த கொலுசு கிணற்றில் இறந்த ஒருவரின் கைக்குள் எப்படிப் போகும்?

அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து கேட்டேன். “அம்மா, அன்னிக்குக் கெணத்துல நான் இருந்தனா?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். அழவில்லை. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவும் இல்லை. அவர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுகிறேன். நான் ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது.

“உன்ன இட்டுனு போனாரு கழனிக்கு. மட திருப்ப அந்தாண்டக் கோடிக்குப் போனவரு, நீ கெணத்து மேட்டுல வெளையாடிக்கினு இருக்கன்னு நெனச்சிக்கினாரு. நீ உள்ள வுழுந்துட்ட. சத்தம் கேட்டு வரப்புல போய்க்கினு இருந்த அந்தப் புள்ள ஓடியாந்து குதிச்சிட்டான். உங்கப்பா வந்து பாத்தப்போ உன் கால ஒரு கையில புடிச்சி, தலைக்கு மேல தூக்கிக்கினு படியாண்ட நிக்கிறான். ‘ஆண்டே, புடி ஆண்டே’ன்னானாம். இவுரு உன்ன வாங்கிக்கினாரு. உனுக்கு மூச்சு இல்ல.

“அப்பால அவன் மேல ஏற பைப்பப் புடிச்சான். மோட்டாரு ஓடிக்கினு இருந்துச்சி. மீட்டரு ஓடக் கூடாதுன்னு கம்பத்துலேந்து கொக்கி போட்டுத் திருட்டா இழுத்த கரெண்ட்டு அது. ஒயரு அறுந்து பைப்பு மேல கெடந்தது இவுருக்குத் தெரியும். ரெண்டு நாளா கட்டணும் கட்டணும்னு சொல்லிக்கினு இருந்தாரு. ஒரு சத்தம் வந்துச்சாம். திரும்பிப் பாத்தா உன் மூச்சு போயிடும்னு உன்னத் தூக்கிக்கினு ஊட்டுக்கு ஓடியாந்துட்டாரு. சுச்ச நிறுத்தல. நாலு அடியில இருந்துச்சி சுச்சி. நிறுத்தல.

“உனுக்கு உசுரு வந்தப்பறம் திரும்பிப் போனாரு. அவன் மெதந்துக்கினு இருந்தான். கொக்கி போட்டது தெரிஞ்சா ஜெயிலு. கொல கேசு ஆயிடும்னு பயந்துட்டாரு. கொக்கிய எறக்கிட்டு, கொட்டாயில இருந்த பிளேயர எடுத்து வெளியப் போட்டுட்டு வந்துட்டாரு. கொலுசு அவன் கையில கீதுன்னு இவுருக்குத் தெரியாது. போலீசு எடுத்துக் காட்டி யாருதுன்னு கேட்டப்போ இவுரு இன்னா சொல்லுவாரு? எங்கூட்டதுன்னாரு. அதுவும் திருட்டாயிடுச்சி.”

நீ ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ மடியில கெடந்தியே” என்றார்.

அதற்குப் பிறகு அப்பா ஒருநாளும் அந்தக் கழனியில் பயிர் வைக்கவில்லையாம். மோட்டாரையும் கழற்றிவிட்டாராம். ஏன் தரிசாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மண் சரியில்லை என்பார்.

அக்கா, எனக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள். இந்த வயதையும் அந்தப் பிள்ளைகளையும் உங்கள் அண்ணன்தான் கொடுத்திருக்கிறார். அவரை நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் திருடியவன் என்று எழுதினேன்.

விடுதலைப் பத்திரத்தைக் கிழித்துப் போடுங்கள். நாளைக்கே மனுவைத் திரும்ப வாங்குகிறேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். ஒன்றும் சொல்லாவிட்டாலும் சரி.

செல்வி


கும்மிடிப்பூண்டி
20 டிசம்பர் 2024

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

முதலில் எழுதியதில் உன்னைத் திட்டியிருந்தேன். உனக்கு நாலு வயசு, உன்னைத் திட்டி என்ன செய்ய. இரண்டாவதில் உன் அம்மாவை. மூன்றாவதில் உன் அப்பாவுக்கே எழுதினேன், செத்தவருக்கு. அதில்தான் நிறைய எழுதினேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அது சரி. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நானும் ஓடியிருப்பேன். சுவிட்சை மறந்திருப்பேன். அந்தப் பதற்றத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் திரும்பி வந்தாரே, அந்தப் பிளேயரை எடுத்தாரே, அதை என்னால் முடியவில்லை. கொட்டாய்க்குள் போய், தேடி, எடுத்து, வெளியே வந்து, எங்கே போட்டால் சரியாக இருக்கும் என்று பார்த்துப் போட்டிருக்கிறார். என் அண்ணன் தண்ணீரில் கிடக்கிறான்.

சுண்ணாம்பு அடித்தாராம். யாருக்கும் தெரியாமல் அடித்தால் என் அம்மாவுக்கு என்ன ஆயிற்று? கம்பெனி கேட்டுக்கு வந்தாரே, நான் காது கேட்காது என்று காட்டினால் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்கக் கூடாதா? நான்கு வரி. நான் பத்தாவது வரை படித்தவள் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் அப்பா மில் வாசலில் வாட்ச்மேனாக இருந்து செத்தார். எந்த வேலைக்குப் போனாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார், யாராவது எபினேசரைத் தெரிந்து வைத்திருப்பார்களோ என்று. பிள்ளை பெயரை மறைத்துக்கொண்டே செத்தார். அவருக்கு யார் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள்?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். அவனை எங்கே போட்டுத் திருடன் என்று சொன்னார்களோ, அந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால், ஊர் கூடியிருக்கும்போது, நடந்ததைச் சொல். உன் வாயால் சொல். உன் அப்பா பெயரைச் சொல்லிச் சொல்.

அது நடக்கட்டும். அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். பாதி உண்மையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

கிறிஸ்துமஸ் வருகிறது. ஸ்டார் கட்டவில்லை. ஏஞ்சலின் ஏன் என்று கேட்கிறாள்.

ரோசம்மாள்


திருவள்ளூர்
27 ஜனவரி 2025

அக்கா,

நேற்று குடியரசு தினக் கிராம சபை. சொல்லிவிட்டேன்.

முந்தின நாளே சித்தப்பா வீட்டுக்கு வந்து, “செத்தவரு மானத்த ஏன் சந்தியில இழுக்குற? நெலத்தக் குடுத்தாச்சில்ல, அப்பறம் இன்னா?” என்று கத்தினார். அம்மா குறுக்கே வந்து, “அவ சொல்லட்டும். நானும் வரேன்” என்றார். இந்த வீட்டில் அம்மா சித்தப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு கூட்டத்தை நடத்திய அதிகாரி எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார். ஷாமியானா போட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். பதினைந்து வருஷமாக வகுப்பில் தாளைப் பார்க்காமல் பேசுகிறவள் நான், அன்று முடியவில்லை. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். “பாக்கியநாதன் மகன் எபினேசர் திருடவில்லை. கிணற்றில் விழுந்த என்னைக் காப்பாற்றி இறந்தார். என் தந்தை பச்சையப்பன் பொய் சொன்னார்.” இந்த மூன்று வாக்கியத்தையும் இரண்டு முறை படித்தேன். முழுவதும் சொல்லி முடிக்கும் வரை அம்மா என் பக்கத்திலேயே நின்றார்.

கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அதிர்ச்சி இல்லை, ஆச்சரியம் இல்லை. வயதானவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று கிளார்க்கிடம் கேட்டேன். “இதெல்லாம் தீர்மானத்துல வராதும்மா” என்றார்.

வெளியே வரும்போது சின்னதுரை என்னோடு நடந்து வந்தார். எங்கள் கழனிக்கு அடுத்த கழனிக்காரர். உங்கள் அண்ணனைக் கிணற்றிலிருந்து தூக்கிய நாலு பேரில் ஒருவர். “எங்குளுக்கு அப்பவே தெரியும்மா” என்றார்.

“எப்படி?” என்றேன்.

“அவன் செருப்பு வரப்பு மேல ஒண்ணு அங்க, ஒண்ணு இங்கன்னு கெடந்துச்சி. ஓடியாந்தவன் செருப்பு அது. திருட வந்தவன் செருப்பு அப்டிக் கெடக்குமா?”

“பின்ன ஏன் சொல்லல?”

“அன்னிக்கி உங்கப்பா மட்டுமா கொக்கி போட்டாரு? நாங்க எல்லாருந்தான் போட்டிருந்தோம். போலீசு வந்தா ஊரு மொத்தமும் போவணும். ஒரு ஊட்டோட போவட்டும்னு உட்டுட்டோம்.” இதைச் சொல்லிவிட்டு அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். மறைப்பது எங்கள் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு நடந்துவிட்டது. எழுதிவிட்டேன்.

பட்டா வேலை முடிந்துவிட்டது. நகல் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்வி


கும்மிடிப்பூண்டி
11 பிப்ரவரி 2025

செல்விக்கு,

பட்டா வந்தது. பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ரோசம்மாள், தந்தை பெயர் பாக்கியநாதன். அப்பா பெயர் ஒரு நிலப் பத்திரத்தில் வருவது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழனியை வாங்கிக்கொள்கிறேன். விற்க மாட்டேன். கிணற்றுக்கு மேலே கம்பி வலை போட ஆளிடம் சொல்லியிருக்கிறேன். வேறு எதுவும் இப்போது யோசிக்க முடியவில்லை.

சின்னதுரை சொன்னதைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. உன் அப்பா ஒருத்தர்மேல் இருந்த கோபத்தை இப்போது ஒரு ஊருக்குப் பங்கு போட வேண்டியிருக்கிறது. பங்கு போட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. உன் அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது பொய். ஒருநாள் அது நடந்தால் எழுதுகிறேன்.

ஏஞ்சலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, தன் போனில் மாமா போட்டோ வைக்க வேண்டும் என்று கேட்டாள். எங்களிடம் ஒரே ஒரு போட்டோதான், மில் அடையாள அட்டையில் இருப்பது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் பேசுவது கேட்காது என்பதால் ஏஞ்சலின் பக்கத்தில் இருந்து அவள் சொல்வதையெல்லாம் எழுதி எழுதிக் காட்டினாள். அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வெயில் வாசலிலிருந்து கட்டில் கால் வரை வந்துவிட்டது. அப்புறம் கேட்டாள்.

“கொலுசு அந்தப் பொண்ணு கால்லேந்து வந்துச்சா?”

“ஆமாம்மா. காலப் புடிச்சித் தூக்கனான். அப்போ அறுந்து கையோட வந்திடுச்சி.”

“நான் அவன் மூஞ்சியில காறித் துப்புனேன், ரோசா. சவப்பொட்டியில வைக்கும்போது. நீ பாக்கல. உங்கப்பா பாத்தாரு.”

இது எனக்குத் தெரியாது, செல்வி. முப்பத்து நாலு வருஷமாக இரண்டு பேரும் அதை எனக்குச் சொல்லவில்லை. அப்பா ஏன் அண்ணன் பெயரையே எடுக்கவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவமானத்தால் இல்லை. பெயரை எடுத்தால் அம்மாவுக்கு அது நினைவு வரும்.

ஏஞ்சலின் எழுதுவதை நிறுத்திவிட்டு அழுதாள். அம்மா அழவில்லை. அவள் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு நல்லா கீதா?”

“நல்லா கீதும்மா. திருவள்ளூர்ல டீச்சரா கீது.”

“புள்ளைங்க?”

“ரெண்டு.”

அம்மா விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. உன்னையும் சேர்த்துத்தான் எண்ணினாள் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

“இட்டுனு வா அந்தப் பொண்ண” என்றாள். “அவன் தூக்கன புள்ளைய நான் ஒரு தபா தொட்டுப் பாக்கணும். அப்பால அவனாண்ட போலாம். வெறுங்கையோட அவனாண்ட எப்டிப் போவேன்?”

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிக்கொள். ஸ்டேஷனுக்கு ஏஞ்சலின் வந்து நிற்பாள். உன் அம்மாவுக்கு வர மனமிருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு வா, வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. பழம், இனிப்பு என்று எதுவும் வாங்காதே.

அம்மாவுக்குக் கண் மங்கல். முகத்தில் கை வைத்துப் பார்ப்பாள், தலையைத் தடவுவாள், கால்வரைக்கும் தொடுவாள். பெரியவர்கள் நம் காலைத் தொடுகிறார்களே என்று நீ பதறி நகர்ந்துவிடாதே. அவள் எவ்வளவு நேரம் தொட்டாலும், அப்படியே உட்கார்ந்திரு.

ரோசம்மாள்